ஷூவுக்குள் மணல்

எடை மெஷின் 'பீப்' என்று கத்தியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் இறங்கினார். சட்டைப்பையிலிருந்த செல்போனை மனைவியிடம் கொடுத்தார். மறுபடி ஏறினார்.

அதே எண். போன மாதத்தைவிட இரண்டு கிலோ கூடுதல்.

எடை குறைந்தால்தான் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். அதுவரை கத்தியைத் தொட மாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலி வந்தால் அவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு நிற்பார். அவளும் கூடவே நிற்பாள்.

"நீங்களும் ஏறுங்கக்கா" என்றாள் நர்ஸ்.

அவள் தயங்கித் தயங்கி ஏறினாள்.

நான்கு கிலோ குறைவு.

அவளுக்கு யாரும் பத்தியம் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் வேறு சாப்பாடு சாப்பிட மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவருக்கு வேகவைத்த சுரைக்காய் என்றால் அவளுக்கும் அதுதான். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

அவர் காலையில் கடற்கரைக்கு நடக்கப் போவார்.

அதாவது, அப்படிச் சொல்லிவிட்டுப் போவார்.

தெருமுனை தாண்டினால் பூரிக் கடை. பூரி, கிழங்கு, மேலே ஓர் உளுந்த வடை. வாசனை தெரியாமலிருக்க ஏலக்காய். கடைக்கு எதிரே யாரோ வீடு கட்டுகிறார்கள். அங்கே குவித்திருந்த மணலில் ஒரு பிடி அள்ளி ஷூவுக்குள் போட்டுக்கொள்வார்.

வீட்டு வாசலில் அவள்தான் அதைத் தட்டிப் போடுவாள். நடந்த களைப்புக்கு மோர் கொடுப்பாள். இன்று அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தார்.

நர்ஸ் அவளைப் பார்த்தாள்.

"என்னக்கா, அண்ணாச்சிக்கு என்னத்தப் பொரிச்சுப் போடுதீங்க? நீங்க காத்துல பறந்துருவீங்க போலிருக்கு. இவுக பெருத்துக்கிட்டே போறாக."

அவர் வாயைத் திறந்தார்.

"எண்ணெயக் கொஞ்சம் கூட ஊத்திட்டேம்மா. எங் கை அப்படி" என்றாள் அவள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். உள்ளே இன்னும் ஏலக்காய் மணத்தது.

நர்ஸ் அவளைத் திட்டி முடிக்க நேரமாயிற்று. எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே தூத்துக்குடி வெயில். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

அவர் குனியப் பார்த்தார். வயிறு விடவில்லை.

அவளே படியில் உட்கார்ந்து ஷூவை எடுத்தாள். கவிழ்த்துத் தட்டினாள். சாம்பல் நிறத்தில் மணல் கொட்டியது. கிளிஞ்சல் துணுக்கு ஒன்றுகூட இல்லை.

கொஞ்சத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அவள் மீனவர் தெருவில் பிறந்து வளர்ந்தவள்.

கையைத் துடைத்துக்கொண்டு ஷூவை அவர் காலில் மாட்டினாள். நாடாவை இறுக்கிக் கட்டினாள். நிமிரவில்லை.

"நாளைக்காவது கடக்கரை மண்ணாப் பாத்துப் போட்டுக்கிட்டு வாங்க. இது வீடு கட்டுத எம்-சாண்டுல்லா."