பக்கத்து வீட்டுப் படம்

மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. டமால், டுமீல் என்று அடிதடி. நடுநடுவே ஒரு பொம்பளை அலறும் சத்தம்.

“இந்த ரவுடிப் படத்துல அப்படி என்னதான் இருக்குதோ,” அம்சவல்லி அடுப்படியிலிருந்தே பொருமினாள். “பொழுது சாஞ்சாப் போதும், வெட்டு, குத்து, ரத்தம். நடுவுல இருக்கிறது ஒரே ஒரு சுவரு. பக்கத்து வூட்டுல புள்ள பத்தாவது பரிச்சைக்குப் படிக்குதேன்னு ஒரு இது வேணாம்?”

கூடத்தில் மகள் சிவசங்கரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

“அடி வாங்குறது நாமளா இல்லாத வரைக்கும் பாக்க நல்லாத்தான்டி இருக்கும்,” என்றார் புருஷன் விருத்தகிரி, டீயை ஆற்றியபடி. “பாண்டியன் நாள் பூரா கம்பெனியில தலைய ஆட்டிட்டு வரான். யாரோ ஒருத்தன் பத்துப் பேரைப் போட்டு மிதிச்சா அவனுக்கு ஒரு நிம்மதி.”

“நல்ல நிம்மதி.”

அம்சவல்லி கரண்டியால் சுவரை ஓங்கித் தட்டினாள். அலறல் கூடியதே தவிர, குறையவில்லை.

“கொழுப்பைப் பாத்தீங்களா? வேணும்னே சத்தத்தைக் கூட்டுதுங்க.”

பக்கத்து வீட்டுப் பாண்டியனைப் பார்த்தால் இதெல்லாம் பார்க்கிற ஆள் மாதிரியே தெரியாது. பீங்கான் கம்பெனியில் இன்னும் சூளையில் சுடாத கோப்பைகளை எடுத்து அடுக்கும் வேலை. அவன் கை பட்டு ஒன்றுகூட உடைந்ததில்லை என்று பேர். தெருவில் எதிரே வந்தால், “சாப்டீங்களா அண்ணி?” என்று ஒதுங்கி வழிவிடுவான்.

மறுநாள் காலை தெருக்குழாயில் அவன் பெண்டாட்டி அன்புக்கரசி தனியாகச் சிக்கினாள்.

“ஏம்மா, கவர்மெண்டு சும்மா டிவி குடுத்தது இதுக்குத்தானா? அவருதான் பாக்குறாருன்னா நீ சொல்ல மாட்டியா? அடிதடியைக்கூடப் பொறுத்துக்கலாம். அந்தப் பொம்பள கத்துறா பாரு, அதைத்தான் காது குடுத்துக் கேக்க முடியல.”

அன்புக்கரசி குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெயிலிலும் முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

“இனிமே அது கேக்காதுக்கா,” என்றாள்.

சொன்ன சொல் தவறவில்லை. அன்று சாயங்காலமும் படம் ஓடியது. அடி விழுந்தது. அலறல் மட்டும் இல்லை.

“அந்த எடம் வந்ததும் சத்தத்தைக் கொறைச்சிடுறா போல,” அம்சவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. “நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டாத்தான் எல்லாரும் வழிக்கு வராங்க...”

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. எதிர் வீட்டு சீரியல் நின்றது. தெருவே கப்பென்று இருண்டது.

பக்கத்து வீட்டில் அடி விழுவது மட்டும் நிற்கவில்லை.

“அம்மா,” சிவசங்கரி இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள். “கரண்டு இல்லாம அவங்க வூட்டுப் படம் மட்டும் எப்படி ஓடுது?”

அம்சவல்லி தடவித் தடவி டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

“எங்கடி போற?” விருத்தகிரியின் குரல் தணிந்திருந்தது. “புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்.”

“காலையில அவளைக் கத்தாதேன்னு சொல்லிட்டு வந்தவ நான்தாங்க,” என்றாள் அம்சவல்லி. “இப்ப கத்தச் சொல்லிட்டு வரேன்.”