காவல் படகு

“வலைய அறுத்துட்டுப் போயிருலே! கம்பெனிக்காரன் பாத்தான்னா என் வேல போயிரும்.”

“நீரே அறும், மச்சான். காத்தாடிக் கால்ல மீனு மொய்க்குன்னு சோத்து முன்னால உக்காந்து பெரும பேசுனது நீருதான?”

கம்பெனி கடலில் நட்டிருக்கும் மின்சாரக் காற்றாடிகளின் பக்கம் மீனவர்கள் வராமல் விரட்டுவது பெர்க்மான்ஸின் சம்பள வேலை. தூணின் அடியில் வலை மாட்டிக்கொண்டு நின்றதோ அவர் மனைவி ஹில்டாவின் தம்பி கிருபன். இறக்கை இரைச்சலில் பேச்சு கேட்காமல் இருவரும் வயர்லெஸ்ஸில் கத்தினார்கள். ஊரில் பாதி வீட்டில் அந்தப் பெட்டி உண்டு. ஊர் என்ன ஒட்டுக் கேட்டதா? அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டது, அவ்வளவுதான்.

கம்பெனியும் கேட்டது. “காவல் படகு, வலையை உடனே வெட்டுங்கள்.”

அடுத்த குரல் ஹில்டா. “என் தம்பி வலைல கைய வச்சீங்க, வீட்டுப் பக்கம் வந்துராதீங்க.”

தன் வலையைத் தானே அறுக்கிறவன் அந்தக் கரையில் கிடையாது. கிருபன் தன் கத்தியை எடுத்துக் காவல் படகுக்குள் எறிந்தான். பெர்க்மான்ஸ் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து எடுத்தார். வயர்லெஸ் பொத்தானில் இருந்த விரலை எடுக்க மறந்துவிட்டார் போல. நைலான் அறுபடும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு கிருபன் ஊரில் இருக்கவில்லை; கொல்லத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். ஹில்டா தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெர்க்மான்ஸுக்கு வேலை போகவில்லை. விடுப்பு கொடுத்தாலும் கரையேறாமல் காற்றாடியையே சுற்றி வருகிறாராம். தூணில் தொங்கும் பாதி வலையில் இன்னும் மீன் மாட்டுகிறதாம்.