வூட்ட எடுக்காத

புகைப்படப் பட்டறைக்காக அந்த மீனவக் குப்பத்துக்குப் போயிருந்தோம். "நாங்க வந்ததே தெரியாத மாதிரி இயல்பா இருங்க" என்றார் பயிற்சியாளர், எங்கள் எல்லாருடைய கேமராக்களையும் அஞ்சலாட்சி அக்காவின் பக்கம் திருப்பிவிட்டு.

வலை தைத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து தன் வீட்டு வாசலை மறைத்து நின்றாள்.

"என்ன எடு தம்பி. வூட்ட எடுக்காத. எதிர் வரிசைய இப்படித்தான் வந்து எடுத்தாங்க. மறுமாசமே எடுத்துட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன். எதிரே வீடுகள் இல்லை, நீளமாக ஒரு தகர வேலி இருந்தது.

அவளை மட்டும்தான் எடுத்தேன். ஆனாலும் திரையில் அவள் தோளுக்கு மேல் கூரையின் ஓரம் விழுந்திருந்தது. அவளும் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அழிச்சுட்டேன்க்கா" என்றேன்.

"எத?" என்றாள். முதலில் என் விரலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி வீட்டைப் பார்த்தாள்.