ரூபிக்குக் கேட்கக்கூடாது

கென்டக்கியில் துப்பாக்கி பழுது பார்க்கும் டூயி, நண்பர் ஹார்லன் கொண்டுவந்த பாயின்ட் டூ டூ ரைபிளின் பழைய சைலன்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளிக்குழாயைத் தொட மாட்டேன், அதுலதான் அரசாங்கப் பதிவு நம்பர் இருக்கு. உள்ளே மட்டும் புதுசா மாத்தித் தரேன். இத்தனை வருஷம் இதுவே போதும்னு இருந்தியே, இப்ப என்ன வந்துச்சு?"

"இன்னும் சத்தம் குறையணும்டா. வீட்டுல ரூபி இருக்கால்ல."

"உன் வேட்டை நாயா? அணிலெல்லாம் அவளைக் கண்டாலே நடுங்குமே! வயசானதும் வெடிச் சத்தத்துக்குப் பயப்படுறாளாக்கும்?" டூயி சிரித்தார்.

"பயந்தா பரவாயில்லையே." ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். "பின்னங்கால் ரெண்டும் விழுந்துடுச்சு. சோளக்கொல்லையில ஒரு தடவை சுட்டாப் போதும். அணில் எந்த மரத்துலன்னு கேட்கிற மாதிரி, உடம்பை இழுத்துக்கிட்டே வாசலுக்கு வந்துடறா."