எதிர்த்துப் பேச ஒருவர்

அந்தக் கூடத்தில் மிச்சமிருந்தது மூன்றே பேர்: விசாரணை அதிகாரி லோர்னா, பேச்சைத் தட்டச்சு செய்யும் கெயில், காவலாளி வெர்னன். லாரிகளின் பக்கவாட்டில் தடுப்புக் கம்பி கட்டாயம் என்ற விதியை வாஷிங்டன் அரசு நீக்கப்போகிறது. அதற்கு முன் பொதுமக்களைக் கேட்டாக வேண்டும்; அதற்குத்தான் இந்தக் கூட்டம். லாரிக் கம்பெனிக்காரர்கள் காலையிலேயே பேசிவிட்டுப் போய்விட்டார்கள்.

"இனி எவன் வரப்போறான் மேடம்? பூட்டிரலாமா?" என்றான் வெர்னன்.

"அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கணும்." லோர்னா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்த்து ஒருத்தராவது பேசினா, அரசாங்கம் அதுக்குப் பதில் சொல்லாம விதியைத் தூக்க முடியாது. தூக்கினா கோர்ட் விடாது," என்ற கெயில் சிரித்தாள். "நீங்களே பேசுங்களேன்!"

"இங்க சம்பளம் வாங்குற வாய் பேசக்கூடாதும்மா," என்றாள் லோர்னா.

ஐந்து மணிக்குச் சற்று முன் லோர்னா அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"வேலையை விட்டுட்டேன். இதையும் அடிச்சுக்கோ."

மைக் முன்னால் போய் நின்றாள்.

"என் பேர் லோர்னா டிப்பெட்ஸ். சைக்கிள்ல போன என் மக நோரீன் லாரிக்கு அடியில போயிட்டா. அதுக்கப்புறம்தான் இந்த விதியே வந்துச்சு. இன்னிக்கும் தெருவுல சைக்கிள் மணி கேட்டா எட்டிப் பாக்கிறேன். நீக்காதீங்க."

கெயில் ஒரு சொல் விடாமல் அடித்தாள்.

லோர்னா வெளியேறினாள். அட்டை மேசையிலேயே கிடந்தது. வெர்னன் அவள் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.