நடுவூட்டுக்குப் போன கிண்ணி

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். ஆதிலட்சுமியின் மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருந்த நீலக் கிண்ணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் தொல்லியல் ஆய்வாளர் தமயந்தி.

"விளிம்பு உடைஞ்ச இடத்துல மஞ்சள் மண்ணு. மேல கண்ணாடிப் பூச்சு. பாரசீகத்துச் சாமான்மா! பல்லவர் காலத்துல கப்பல்ல வந்திருக்கும்."

"கெணறு தோண்டசொல்ல கெடச்சது. அருமை தெரியாம கொட்டாயில வெச்சிக்கினு இருந்தோம்."

ஆதிலட்சுமி கிண்ணியை மஞ்சள் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"சாணி வாடையா?" சிரித்தார் தமயந்தி.

துடைத்த கிண்ணி நடுவீட்டு ஷோகேஸில் ஏறியது.

ஆதிலட்சுமியின் வயலில் கூலிக்கு நடவு முடித்து வந்த செங்கேணி, கொட்டகைக் கூரையில் கைவிட்டுத் துழாவினாள்.

"எம்மா, மோர் குடிக்கணும். என் கிண்ணியக் காணோமே?"

மோர்ச் சொம்போடு வந்தாள் ஆதிலட்சுமி.

"அது நடுவூட்டுக்குப் போயிடுச்சு. நீ அங்கியே நில்லு. கையை ஏந்து."