முப்பத்தெட்டு வயதும் ஒரு ஃப்ரீசரும்

ஒரு பெண்ணின் சம்மதம் இருபத்தாறாயிரத்து ஐநூறு ரூபாய் என்று முடிவுகட்டி, அதைப் பேரம்கூடப் பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான் ஜெகதீஸ்வரன். சேலம் கடையில் ஒரு டீப் ஃப்ரீசரின் விலை அது.

இப்போது அந்த ஃப்ரீசரைச் சுற்றித்தான் சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வந்தவர்கள் நின்றார்கள். நவநீதகிருஷ்ணன், அவர் சம்சாரம், பேங்கில் வேலை பார்க்கும் மகள் கிருத்திகா. கூட்டி வந்த தரகர் அப்புசாமி ஓரமாக நின்றார். பெண்ணே நேரில் வந்துவிட்டதில் ஜெகதீஸ்வரனின் அம்மா மாரியாயிக்குத் தலைகால் புரியவில்லை.

புரியாதுதான். மகனுக்கு முப்பத்தெட்டு வயது. மல்லசமுத்திரத்தில் நாலு ஏக்கர் தோட்டம், திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிக்கு உதிரிபாகம் விற்கும் கடை. எல்லாம் இருந்தும் பதினைந்து வரன் தட்டிப் போயிற்று.

பதினைந்தாவது பெண் போனிலேயே கேட்டுவிட்டாள்: "நாளெல்லாம் ஆபீஸ்ல வெந்துட்டு, வந்து உங்க ஊட்டு அடுப்புலயும் நான் வேகோணுங்களா?"

சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே கரண்டியைக் கையில் எடுத்தான். எட்டு மாதத்தில், வேலைக்குப் போகிற மனைவி அடுப்பங்கரையை எட்டிக்கூடப் பார்க்க வேண்டாத அளவுக்கு எல்லாம் தயார். மனைவிதான் பாக்கி.

போன வாரம் தரகர் அப்புசாமி போன் போட்டார். "ஏனுங்கக்கா, உங்க பையனோட டப்பாச் சமையலப் பத்தி எடுத்து உட்டனுங்க. ஞாயித்துக்கெழம வாரம்னுட்டாங்க. பொண்ணும் கூட வருது!"

அப்புசாமி பொய் சொல்கிற ஆளில்லை. பாதி உண்மையிலேயே அவர் பிழைப்பு ஓடிவிடும்.

"இதென்னங் தம்பி, கட்டி கட்டியா?" என்று தட்டைத் தூக்கிப் பார்த்தார் கிருத்திகாவின் அம்மா.

"வெங்காயம் தக்காளி வதக்கி அரச்ச மசாலுங்க. ஐஸ் தட்டுல ஊத்தி வெச்சிர்றது. ரெண்டு கட்டிய எடுத்துப் போட்டா ஒரு கொழம்பு ஆயிருமுங்க."

நவநீதகிருஷ்ணன் ஒரு டப்பாவை வெளிச்சத்தில் பிடித்தார். "டப்பா ரொம்பலியே தம்பி. அளவுல கை வெக்கறீங்களா?"

"ஒறஞ்சா உப்புமுங்க. ஒரு வெரக்கடை எடம் உடலீன்னா மூடி எகிறிரும்."

"உருளக்கெழங்கு ஒண்ணையும் காணோம்?"

"அத வெக்கறதில்லீங்க. எடுத்துச் சூடு பண்ணுனா மண்ணத் தின்னாப்பல இருக்கும்."

"எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"ஒரு மாசமுங்க. அதுக்குத்தானுங்க ஒவ்வொண்ணுலயும் தேதி ஒட்டியிருக்குது."

கிருத்திகா, டப்பாக்களில் ஒட்டியிருந்த தேதிகளை மட்டும் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். இவ்வளவு அக்கறையாகத் தன் கையெழுத்தை இதுவரை ஒருத்தியும் படித்ததில்லை என்று ஜெகதீஸ்வரனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

மாரியாயி மகனை உள்ளே இழுத்தாள். "ஏன்டா, நாம எந்தக் கூட்டம்னு ஒரு வார்த்த கேக்கலியேடா அவங்க?"

ஒரே குலக் கூட்டமென்றால் அண்ணன் தங்கை முறை. அதைக் கேட்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் சம்பந்தம் பேச வந்து தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

"படிச்ச சனம்மா. தரகர்கிட்டயே கேட்டிருப்பாங்க. நீ எலையப் போடு" என்றான்.

பதினாலே நிமிடம். நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்து இறங்கியது. பச்சைப்பயறு கடைசல் ஆவி பறந்தது. பாதி வேகவைத்து அடுக்கியிருந்த சப்பாத்தி கல்லில் விழுந்து உப்பி எழுந்தது. எல்லாம் மூன்று வாரத்துக்கு முந்தின சமையல் என்று அவன் சொன்னபோது நவநீதகிருஷ்ணன் நம்பாமல் டப்பாவை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

கிருத்திகா இலையில் கடைசியாக இருந்த குழம்பை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டாள். அந்த விரலுக்கு எந்த அளவு மோதிரம் சரியாக இருக்கும் என்று ஜெகதீஸ்வரனின் வியாபாரிக் கண் அளவெடுத்துவிட்டது.

கை கழுவி வந்த நவநீதகிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சுத்தி வளச்சுப் பேசற ஆளு நானில்லீங். எங்களுக்குப் பூரண திருப்தி."

மாரியாயி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கண் தளும்பியது. வெற்றிலைத் தட்டை எடுத்து வர ஓடினாள். அப்புசாமி மட்டும், ஏற்கெனவே கழுவின கையை இன்னொரு தடவை கழுவப் பின்பக்கம் நழுவினார்.

"மத்ததெல்லாம் நீயே பேசிக்க சாமி. உன்ற காரியம், உன் வாயால வந்தாத்தான் சரி" என்று மகளிடம் சொன்னார் நவநீதகிருஷ்ணன்.

தட்டோடு வந்த மாரியாயி நிலைப்படியிலேயே நின்றாள். ஜெகதீஸ்வரன் வேட்டி முனையில் கையைத் துடைத்துக்கொண்டான். கிருத்திகா முதல் தடவையாக நிமிர்ந்து, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தையில எனக்குக் கல்யாணமுங்ண்ணா, அவருக்கு ஐடி வேலைங்க… ரெண்டு பேத்துக்கும் மாசம் அறுவது டப்பான்னா, வெல என்னங்ண்ணா போடுவீங்க?"